ஒரு தடவை அமுக்கினால் போதும்

திருக்கோகர்ணம் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் நாகராசுவுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு கொள்கைதான். எதையும் ஒரு தடவைதான் செய்ய வேண்டும். சோற்றுக்கு ஒரு தடவைதான் குழம்பு ஊற்றிக்கொள்வார். ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார். எதிரே இருப்பவருக்குக் கேட்கவில்லை என்றால் அது காதின் கோளாறு, அவர் வாயின் கோளாறு அல்ல. இப்படிப்பட்ட மனிதருக்கு, மூன்று தடவை கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கும் ஒரு பெண்ணைக் கட்டி வைத்தார்கள். பத்துப் பொருத்தமும் பார்த்த ஜோசியர் இந்த ஒன்றை எப்படியோ கோட்டை விட்டுவிட்டார்.

செங்கமலத்துக்குக் கறம்பக்குடிப் பக்கம் பிறந்த ஊர். அந்த ஊர் எல்லையில் ஒரு முனி உண்டு. உச்சி வெயிலில் தெரிந்தவர் குரலில் பேர் சொல்லிக் கூப்பிடுமாம். ஆனால் பாவம், அதற்கு ஒரு தடவைக்கு மேல் கூப்பிட வராதாம். மனிதர்கள்தான் திரும்பத் திரும்பக் கூப்பிடுவார்கள். அதனால் அந்த ஊர்ப் பெண்கள் மூன்றாவது கூப்பாட்டுக்குத்தான் “என்ன” என்பார்கள். கல்யாணமாகி முப்பது வருஷம் ஆயிற்று. டவுன் பஸ்ஸும் ஆட்டோவும் அலறுகிற திருக்கோகர்ணத்தில் எந்த முனி வந்து நிற்கப்போகிறது? ஆனாலும் பழக்கம் போகவில்லை. நாகராசு “செங்கமலம்” என்று ஒரு தடவை கூப்பிடுவார். பதில் வராது. இரண்டாம் தடவை கூப்பிட்டால் கொள்கை என்னாவது? எழுந்துபோய்த் தானே தண்ணீர் மொண்டு குடித்துக்கொள்வார். ஒரே மகன் சிவபிரகாஷையும் அவள் இப்படியே பழக்கி வைத்திருந்தாள்.

வீட்டில் எடுபடாத அந்தக் கொள்கை தொழிலில் நன்றாகவே எடுபட்டது. பட்டா, சாதிச் சான்று விண்ணப்பங்களோடு, கல்யாண மண்டபத்துக்கும் நகைக்கடைக்கும் வெப்சைட் செய்து கொடுப்பது அவர் வேலை. ஒரு சமயம் குணசேகரனின் கல்யாண மண்டபத்துக்கு ஒரு வெப்சைட் செய்தார். பெண்ணைப் பெற்ற ஒருவர் ஆவணி முகூர்த்தத்துக்குப் பதிவு செய்ய பட்டனை அமுக்கினார். நெட் மெதுவாக இருந்தது. போயிற்றா இல்லையா என்று தெரியாமல் மனிதர் ஏழு தடவை அமுக்கிவிட்டார். மறுநாள் குணசேகரன், ஒரே முகூர்த்தத்தில் ஏழு கல்யாணம் என்று சமையல்காரரை வரச் சொல்லிவிட்டு, ஆறு பந்தல் எங்கே போடுவது என்று கயிறு பிடித்து அளந்துகொண்டிருந்தார். நாகராசு போய்ப் பார்த்துவிட்டு ஒரே நாளில் சரி செய்தார். ஒரு தடவை அமுக்கியதும் பட்டன் இருண்டுவிடும். அதற்குமேல் தலைகீழாக நின்று அமுக்கினாலும் அசையாது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் இதைச் சொல்லிப் பெருமைப்பட்டார்.

வினை அந்தப் பட்டனில்தான் இருந்தது.

சிவபிரகாஷும் கம்ப்யூட்டர் படித்தவன். பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். லீவில் வந்தவன், அப்பா சாப்பிடப் போன நேரத்தில் கடையில் உட்கார்ந்து அந்தப் பட்டனைப் பார்த்திருக்கிறான். இருண்டுபோனால் அமுக்கியவனுக்கு என்ன தெரியும், போயிற்றா போகவில்லையா என்று தவித்துப் போவானே என்று நினைத்திருக்கிறான். பட்டனுக்குக் கீழே ஒரே ஒரு வரி சேர்த்தான். ‘பொறுங்க, போய்க்கிட்டிருக்கு.’ அவ்வளவுதான். நாகராசு ஏப்பம் விட்டுக்கொண்டே திரும்பி வந்தபோது குணசேகரன் அங்கே நின்று, “தம்பி வச்ச வார்த்தை நல்லாருக்கு, மனசுக்கு ஆறுதலா இருக்கு” என்று பாராட்டிக்கொண்டிருந்தார்.

வாடிக்கையாளர் எதிரே மகன் உயர்ந்துவிட்டான், அப்பன் தாழ்ந்துவிட்டான். தன்னைக் கேட்காமல் தன் வேலையில் கை வைத்தவன் இனிக் கடைப்படி ஏறக்கூடாது என்று நாகராசு சொல்லிவிட்டார். வழக்கம்போல ஒரு தடவைதான் சொன்னார். இந்தத் தடவை மட்டும் கேட்டவன் காதில் நன்றாக விழுந்துவிட்டது. அன்று சாயங்காலமே சிவபிரகாஷ் பஸ் ஏறினான். இரண்டு மாதத்தில் மஸ்கட் போய்விட்டான். இந்த வீட்டுப் போனிலிருந்து அவனுக்கு ஒரு கால்கூடப் போகக்கூடாது என்று நாகராசு செங்கமலத்துக்கும் உத்தரவு போட்டார். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ஒன்றும் சொல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது முப்பது வருஷ அனுபவம் உள்ள ஒரு புருஷன் செய்யக்கூடாத தப்பு.

கோபம் ஆறிப்போக ஆறு மாதம் ஆயிற்று. மகன் பிறந்தநாளன்று, கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு நாகராசு தன் போனிலிருந்து அவனைக் கூப்பிட்டார். மணி முழுக்க அடித்து நின்றது. எடுக்கவில்லை. திருப்பியும் கூப்பிடவில்லை. சரி, நாம் கூப்பிட்டாயிற்று, அவன் வரவில்லை என்று போனைப் பையில் போட்டுக்கொண்டார். அதன்பிறகு ஒன்றரை வருஷம் ஓடிவிட்டது. அந்தப் பிள்ளையின் முகத்தை நினைக்காமல் ஒரு நாள்கூட அவர் ஷட்டரை இறக்கியதில்லை. யாரிடமும் சொன்னதுமில்லை.

செங்கமலம் மெல்ல மெல்லச் சுருங்கிப்போனாள். கோட்டைப்பட்டினத்திலிருந்து வருகிற நெத்திலிக் கருவாட்டை வாங்குவதை விட்டாள். அது மகனுக்குப் பிடித்தது. பிறகு ராச்சாப்பாட்டை விட்டாள். பசியில்லை என்பாள். அவருக்குப் போட்டுவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். மகன் போனான், இவளும் போய்விட்டால் இந்த வீட்டில் யாரைக் கூப்பிட்டுப் பதில் வரவில்லை என்று கோபப்படுவது?  மகனை இன்னொரு தடவை கூப்பிட்டால் எல்லாம் தீர்ந்துவிடும். அது மட்டும் நாகராசுவால் முடியவில்லை. அதனால் அதைவிடப் பத்து மடங்கு கஷ்டமான ஒரு வழியைக் கண்டுபிடித்தார்.

அவள் போனில் ஒரு பக்கம் செய்து வைத்தார். நடுவில் ஒரே ஒரு பச்சைப் பட்டன். மேலே ‘நல்லாருக்கியாப்பா?’ என்று எழுதியிருக்கும். சிவபிரகாஷ் செய்து அனுப்பியது என்று முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார். பேசுவதற்குப் பையனுக்குக் கூச்சமாக இருக்கிறதாம், இதை அமுக்கினால் அவனுக்குப் போய்ச் சேருமாம், பதில் எழுதுவானாம். உண்மையில் அது நேரே நாகராசுவின் போனுக்கு வரும். நாகராசு கடையில் உட்கார்ந்து மகனாகப் பதில் எழுதுவார்.

செங்கமலம் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். “எம்மவனா அனுப்புனான்?” என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். 

மறுநாள் பன்னிரண்டரை மணிக்குப் போன் ‘டிங்’ என்றது. அவர் ‘சாப்பிட்டேன் ஆத்தா’ என்று எழுதி அனுப்பினார். அன்று ராத்திரி செங்கமலம் தட்டைக் கவிழ்க்கவில்லை. இரண்டு இட்லி சாப்பிட்டாள். நாகராசு அந்த இரண்டு இட்லியையும் கண்ணாலேயே எண்ணினார்.

ஆனால் ஒன்று மறந்துவிட்டார். அவர் கட்டிக்கொண்டது ஒரு தடவையோடு நிறுத்துகிற பெண்ணை அல்ல. மூன்றாம் நாள் ‘டிங்’, பதில் எழுதினார். உடனே இன்னொரு ‘டிங்’. வேலை ஜாஸ்தி ஆத்தா என்றார். மறுபடியும் ‘டிங்’. இங்கே வெயில் என்றார். கடையில் சாதிச் சான்றுக்கு நாலு பேர் நிற்கிறார்கள். இவரோ மகனுக்கு என்ன நேர்ந்தால் பொருத்தமாக இருக்கும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். ஆறாவது ‘டிங்’ வந்தபோது கையிலிருந்த பொய்யெல்லாம் தீர்ந்துவிட்டது. வேறு வழியில்லாமல், ‘அப்பா எப்படி இருக்கார் ஆத்தா?’ என்று எழுதினார். எழுதிய பிறகு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மகன் இப்படிக் கேட்டால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. கண் கலங்கிவிட்டது. நாலு பேர் எதிரே அழுவதற்காக அவர் கடை வைக்கவில்லை. அதனால் அன்றே, அமுக்கினால் தானாகவே பதில் போகிற மாதிரி மாற்றி வைத்துவிட்டு நிம்மதியாகப் பட்டா வேலையைப் பார்த்தார்.

சாயங்காலம் காபியைக் கையில் கொடுத்துவிட்டு செங்கமலம் நின்றாள்.

“எம்மவனுக்கு ஒடம்புக்கு எதுவும் சரியில்லையாங்க?”

“ஏன், என்னாச்சு?”

“மத்தியானத்துலேருந்து ஒம்போது தடவ சாப்பிட்டிருக்கான்.”

நாகராசுவுக்குப் புரையேறியது. நெட் கோளாறு, ஒரே பதில் ஒன்பது தடவை வந்திருக்கும் என்று சமாளித்தார். அன்றே தன் தொழில் ரகசியத்தைக் கையில் எடுத்தார். ஒரு தடவை அமுக்கியதும் பச்சைப் பட்டன் இருண்டுவிடும், மறுநாள்தான் திரும்ப விடியும். ஒரு நாளைக்கு ஒரு பொய் என்றால் சமாளித்துவிடலாம். கல்யாண மண்டபத்துக்கே அணை போட்டவருக்கு ஒரு கறம்பக்குடிப் பொம்பளை எம்மாத்திரம்?

பக்கத்தை மூடித் திறந்தால் பட்டன் உயிர் பெறுவதை அவள் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிட்டாள். அவர் அதையும் அடைத்தார். பக்கத்து வீட்டுச் சந்தனமேரியின் போனில் அதே பக்கத்தைத் திறந்து அமுக்கினாள். சந்தனமேரிக்கு நாகராசுவின் கடைக்கு எதிரே தையல் கடை. அவர் அதையும் அடைத்தார். அடைத்துவிட்டு வீட்டுக்குப் போனால் செங்கமலம் தட்டைக் கவிழ்த்து வைத்திருந்தாள்.

“ஏன், பசியில்லையா?”

“ஒரு தடவ அமுக்குனா இருட்டிருதுங்க. போச்சா போகலையான்னே தெரியல. அங்கிட்டு ஆளு இருக்கானா இல்லையான்னு தெரியாம எப்புடிங்க சோறு எறங்கும்?”

அதே வார்த்தையைத்தான் பிள்ளையும் நினைத்தான். நாகராசு அதற்குமேல் வாதாடவில்லை. மறுநாள் காலையில் கடையைத் திறந்ததும் அணையையெல்லாம் உடைத்துவிட்டார். தானாகப் போகும் பதிலையும் நிறுத்திவிட்டார். முப்பது வருஷக் கொள்கை அரை மணி நேரத்தில் அழிந்தது.

அதன்பிறகு அவருக்கு என்னவோ ஆகிவிட்டது. மத்தியானம் ஆனால் ‘டிங்’ வருகிறதா என்று காத்திருக்க ஆரம்பித்தார். முதல் வரி எப்போதும் ‘சாப்பிட்டேன் ஆத்தா’. அவள் விடமாட்டாள், அமுக்குவாள், அமுக்குவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் இன்றைக்கு லீவு ஆத்தா, நல்லாத் தூங்கினேன் என்று எழுதுவார். நெத்திலிக் கருவாடு வாங்கினாயா என்பார். எட்டாவது, ஒன்பதாவது வரிக்குத்தான் மனசு வெளியே வரும். ஒரு நாள், ‘அப்பாவைத் தனியா விட்டுட்டு வந்துட்டேன்’ என்று வந்தது. இன்னொரு நாள், ‘அந்த வரி நல்ல வரிதான்னு அப்பாவுக்கும் தெரியும், சொல்ல வாய் வரல’ என்று வந்தது. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, ஐம்பத்தெட்டு வயசு மனிதர் மகனாக மாறி அழுதார். தன் மகன் தன்னை மன்னிப்பதைத் தானே எழுதிக்கொள்ள வேண்டியிருந்தது அவருக்கு. இப்படியே ஐந்து மாதம் ஓடி, கடைசியாக ஒரு செவ்வாய்க்கிழமை பன்னிரண்டாவது ‘டிங்’குக்கு எழுதினார். ‘அப்பா மேல கோவம் இல்ல ஆத்தா. இன்னொரு தடவை கூப்பிட்டா வந்துருவேன்.’

புதன்கிழமை ‘டிங்’ வரவில்லை.

வியாழக்கிழமையும் வரவில்லை. போனை அணைத்துப் போட்டுப் பார்த்தார். நெட்டைப் பார்த்தார். எல்லாம் நன்றாக இருந்தது. வெள்ளிக்கிழமை பன்னிரண்டரை தாண்டியதும் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவளுக்கு மனசு விட்டுப்போய்விட்டது, இனிமேல் சாப்பிடவே மாட்டாள் என்று நினைத்தார். எதிர்க்கடைச் சந்தனமேரியிடம் கடையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெயிலில் செருப்புப் போடக்கூட மறந்து ஓடினார்.

செங்கமலம் சமையற்கட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டு நிறையச் சோறு. நெத்திலிக் கருவாட்டுக் குழம்பு. பக்கத்தில் போன் கிடந்தது. பச்சைப் பட்டனுக்குக் கீழே வரிசையாகப் பதில்கள். நாகராசு குனிந்து பார்த்தார். ‘இப்பத்தான் எந்திரிச்சேன் ஆத்தா, இன்னைக்கு லீவு.’ ‘கொழம்பு வாசம் இங்க வரைக்கும் வருது.’ ‘அவர் கடையிலயா இருக்கார்?’

அவர் இதை எழுதவில்லை.

யார் எழுதியது என்று கேட்க வாயைத் திறந்தார். திறந்த வாய் அப்படியே நின்றது. அதைக் கேட்டால், மற்றதையெல்லாம் யார் எழுதியது என்று வருமே. தான் வெட்டிய குழியில் தானே நின்றுகொண்டு மனிதர் மூடிக்கொள்ள மண் தேடினார்.

“என்னங்க, பேயறஞ்ச மாதிரி நிக்கிறீங்க?”

“இல்ல... இது... புள்ளதான் எழுதினானா?”

“ஏன், வேற யாரு எழுதுவா?”

 செங்கமலம் கையைக் கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இந்த வீட்டுப் போனிலிருந்து கூப்பிடக்கூடாது என்றுதானே உத்தரவு, அதை அவள் மீறவில்லை. இரண்டரை வருஷமாகச் சந்தனமேரி போனிலிருந்துதான் மகனோடு பேசுகிறாள். அப்பனும் மகனும் பேசாமல் கிடந்ததில்தான் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மஸ்கட்டில் வெள்ளி, சனிதான் லீவு. இவர் எழுதிய மகன் ஞாயிற்றுக்கிழமை லீவு போட்டுத் தூங்குகிறான். இங்கே பன்னிரண்டரை என்றால் அங்கே பதினொன்று. இவர் மகன் தினமும் பதினொரு மணிக்கே மத்தியானச் சோறு சாப்பிட்டு முடித்துவிடுகிறான். முதல் நாள் முதல் வரியிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது.

நாகராசு தரையில் உட்கார்ந்தார். “தெரிஞ்சுக்கிட்டேதான் அமுக்குனியா?”

“நீங்க ஷட்டர எறக்கிட்டு அழுதுகிட்டே எழுதுறீங்கன்னு மேரி வந்து சொன்னா. மொத வரில நீங்க எங்க மனசத் தொறக்குறீங்க? சாப்பிட்டேம்பீங்க, வெயிலும்பீங்க. பத்தாவது வரிக்குத்தான் உள்ள இருக்குறது வந்துச்சு. அதான் விடாம அமுக்குனேன்.” போனைத் தொட்டுக் காட்டினாள். “வந்தத எல்லாம் படம் புடிச்சு அவனுக்கு அனுப்புனேன்.”

“எல்லாத்தையுமா?”

“செவ்வாக்கெழம எழுதுனத படிச்சுட்டு அவன் அன்னைக்குப் பூராம் பேசலைங்க. மறுநா அவனே உள்ள பூந்து பட்டன அவன் பக்கம் திருப்பிக்கிட்டான். எந்தப் பூட்டுக்கும் அவன் பொறந்த தேதியத்தானே சாவியா போடுவீங்க.”

மறுபடியும் அப்பாவைக் கேட்காமல் அப்பாவின் பட்டனில் கை வைத்திருக்கிறான். நாகராசுவுக்குக் கோபம் வரவில்லை. கோபத்தைத் தேடிக்கூடப் பார்த்தார், கிடைக்கவில்லை. ஆனால் ஒரு பழைய முள் மட்டும் இன்னும் உள்ளே குத்தியது. பிறந்தநாளன்று கூப்பிட்டபோது ஏன் எடுக்கவில்லை என்று கேட்டார்.

“எடுக்க முடியலையாம், வேலையில இருந்திருக்கான். அப்பறம் பாத்தா ஒரே ஒரு மிஸ்டு கால். பையில கெடந்த போன்ல கை பட்டிருக்கும், திருப்பிக் கூப்பிட்டா நானா கூப்பிட்டேன்னு கேட்டுருவாருன்னு பயந்துட்டான். இன்னொரு தடவ அடிச்சா எடுக்கணும்னு அன்னைக்கு முழுக்கப் போனக் கையிலயே வச்சிருந்தானாம்.”

நாகராசு தலையைக் குனிந்துகொண்டார். இரண்டு வருஷம். இன்னொரு தடவை அமுக்கியிருந்தால் அரை நிமிஷம் ஆகியிருக்கும். தன் பிள்ளை அங்கே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்ததையும், தான் இங்கே பெரிய மனிதனாக ஷட்டரைத் தூக்கிவிட்டு வேலை பார்க்கப் போனதையும் நினைத்து அவருக்கு நெஞ்சு வலித்தது. செங்கமலத்தின் கண்ணிலும் தண்ணீர் நின்றது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

“ஒரு தடவ கூப்பிட்டா முனிங்க,” என்றாள். “திரும்பக் கூப்பிட்டாத்தான் மனுசன்.” போனை அவர் பக்கம் தள்ளி வைத்தாள்.

அவர் வேட்டியில் விரலைத் துடைத்துக்கொண்டார். பச்சைப் பட்டனை ஒரு தடவை அமுக்கினார். அது இருளவில்லை. கீழே ஒரு வரி வந்தது. ‘பொறுங்க, போய்க்கிட்டிருக்கு.’ அன்று கடையில் நின்று குணசேகரன் பாராட்டிய அதே வரி. நாகராசு பொறுத்தார். பதில் வரவில்லை. பழக்க தோஷத்தில் கை பின்னால் போயிற்று. செங்கமலம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டாவது தடவை அமுக்கினார். வாழ்க்கையில் முதல்முறை.

அதற்கும் ஒன்றும் வரவில்லை. தெருவில் ஆட்டோ ஒன்று போன சத்தம் கேட்டது. கோயில் பக்கம் உச்சிக்கால மணி அடித்து ஓய்ந்தது. அவர் உதட்டைக் கடித்துக்கொண்டு மூன்றாவது தடவை அமுக்கினார். விரலை எடுக்கும் முன்பே போன் கையில் அதிர்ந்தது. எடுத்துக் காதில் வைத்தார்.  அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான் கேட்டது. அப்புறம் இரண்டரை வருஷத்துக்குப் பிறகு அந்தக் குரல் வந்தது.

“அப்பா... சாப்பிட்டீங்களா?”

மகனிடம் சொல்ல வேண்டும் என்று நாகராசு சேர்த்து வைத்திருந்தது எவ்வளவோ. அத்தனையும் தொண்டையில் முட்டி மோதிக்கொண்டு நிற்க, ஐந்து மாதமாகக் கை எழுதிப் பழகிய ஒரே வரிதான் வாயில் வந்தது.

“சாப்பிட்டேன் ஆத்தா” என்றார்.